மரத்துப்போவது விரல், மாட்டியிருப்பது வேறு இடம்

கேள்வி: பனிச்சறுக்குக்குப் புது பூட்ஸ் வாங்கினேன். மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்த அரை மணி நேரத்தில் வலது கால் விரல்கள் மரத்துவிடுகின்றன, கழற்றினால் ஐந்து நிமிடத்தில் உயிர் வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் லைனர்தான் ரொம்ப இறுக்கம் என்று நினைக்கிறேன். அதன் நுரையைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிடலாமா? இல்லை, அரை சைஸ் பெரிதாக மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். வெட்டிய நுரையை ஒட்டவைக்க முடியாது.

கழற்றியதும் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் எங்கேயோ அழுத்துகிறது. ஆனால் மரத்துப்போகிற இடத்திலேயேதான் அழுத்துகிறது என்று சொல்ல முடியாது. புறங்காலைத் தடவிப் பாருங்கள், தோலுக்குக் கீழே உடனே எலும்புதான், சதை மிகக் குறைவு. விரல்களுக்குப் போகிற ரத்தக்குழாயும் நரம்பும் அந்த எலும்பின் மேலேதான் ஓடுகின்றன. அங்கே பக்கிளை இறுக்கினால் விரல்கள் மரத்துவிடும், நீங்கள் விரல் பக்கம் இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். புறங்கால் மேடாக இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

லைனரை முழுசாக வெளியே உருவிவிட்டு, வெறும் காலை ஷெல்லுக்குள், அதாவது வெளியே இருக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் விடுங்கள். விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 1 முதல் 2 செ.மீ. வரை இருந்தால் அளவு சரி. அதைவிடக் குறைவு என்றால் ஷெல்லே சின்னது, லைனரை என்ன செய்தும் பெரிதாகப் பயனில்லை. 2 செ.மீ.க்கு மேல் என்றால்தான் வேடிக்கை: பூட்ஸ் பெரிது, அதனால் கால் உள்ளே ஆடுகிறது, ஆடுகிறதே என்று நீங்கள் பக்கிளைப் பிடித்து இறுக்குகிறீர்கள், கால் மரக்கிறது, உடனே இன்னும் பெரிய பூட்ஸ் வேண்டும் என்று தோன்றுகிறது! அரை சைஸ் மாற்றும் யோசனையும் பெரும்பாலும் வீண்தான், ஏனென்றால் 26-க்கும் 26.5-க்கும் பொதுவாக ஒரே ஷெல்தான் வரும்.

அளவு சரியாக இருந்தால், அடுத்து சாக்ஸ். மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு, கால் இன்னும் ஜில்லிட்டுப்போன அனுபவம் எனக்கே உண்டு. பேன்ட்டுக்குள் போடும் உள்ளாடையின் நுனியையும் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள்.

அப்புறம், பக்கிள் போடும் வரிசை. உட்கார்ந்து மாட்டி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்காரவைத்து, முதலில் கெண்டைக்கால் பக்கம் இருக்கும் மேல் பக்கிள்களைப் போடுங்கள். முழங்காலை முன்னால் மடக்கிப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கீழ்ப் பக்கிள்களை லேசாக, ஒரு விரலால் மூடும் அளவுக்கு மட்டும். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் உரசும், முழங்காலை மடக்கினால் பின்வாங்கும். அது இயல்புதான், பயப்பட வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விரல் மரத்துப்போனால், பூட்ஸ் பொருத்தித் தரும் கடைக்குப் போங்கள். சூட்டில் வடிவம் மாறும் லைனர் என்றால், விரல்களின் மேல் நுரைத்தொப்பி ஒன்றை வைத்து, சூடாக்கிய லைனரை மாட்டி, ஆறும் வரை நிற்கவைப்பார்கள். ஆறியதும் அந்தத் தொப்பி இருந்த இடம் விரல்களுக்கு மிச்சம். புறங்கால்தான் பிரச்சினை என்றால் லைனருக்குக் கீழே ஷெல்லுக்குள் இருக்கும் அடிப்பலகையைச் சற்றுத் தேய்த்துப் பாதத்தைக் கீழே இறக்கலாம். பக்கவாட்டில் எலும்பு இடித்தால் ஷெல்லையே அந்த இடத்தில் சூடாக்கி வெளியே தள்ளுவார்கள். பாதம் தட்டையாகிப் பரவுகிறவர்களுக்கு நல்ல இன்சோல் ஒன்று இதையெல்லாம்விட அதிகம் செய்யும்.

புது நுரை சில நாள் போட்டால் தானாகவே அமுங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு டிவி பாருங்கள், வீட்டில் இருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: லைனரை வீட்டு ஓவனில் வைத்துச் சூடாக்கலாமா?

பதில்: வேண்டாம். வெப்பம் ஒரே சீராக வராது, ஒரு பக்கம் உருகி மறுபக்கம் அப்படியே இருக்கும். எல்லா லைனரும் சூட்டுக்கு வடிவம் மாறுகிற வகையும் இல்லை.

கேள்வி: எனக்குக் கழற்றி ஒரு நாள் ஆகியும் மூன்றாவது, நான்காவது விரலுக்கு இடையில் எரிச்சலும் மரமரப்பும் போகவில்லை.

பதில்: நீங்கள் பூட்ஸ் கடைக்குப் போக வேண்டாம், டாக்டரிடம் போங்கள். அந்த இடத்தில் நரம்பு தடித்துப்போவது உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.