கமபதவில் தடக்கும் பெருவிரல்

வணக்கம் சேர்,
சதுஸ்ர ஏக தாள அலங்காரத்தை (நாலு நாலு சுரமாக ஏறி இறங்கும் பயிற்சி) சங்கராபரண ராகச் சுரங்களில் மகளுக்குப் பியானோவில் பழக்குகிறேன். சுருதி 2 கட்டை, அதாவது ச டியில் (D) வருகிறது. சரிகம, ரிகமப என்று ஒவ்வொரு நாலு சுரத்துக்கும் 1-2-3-4 விரல்களைப் போடுகிறாள் (1 பெருவிரல், 5 சின்னவிரல்). கமபத வந்ததும் வலது கை தடக்குகிறது. டி மேஜர் ஸ்கேலின் விரல்களையே பாவிக்கலாமா?
— ஒரு தாய், பெரியகல்லாறு

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். ஸ்கேல் ஒரே ஓட்டமாக ஏறுவது. அதனால் பெருவிரல் மற்ற விரல்களுக்குக் கீழால் நுழைய வேண்டியிருக்கிறது. அலங்காரத்தில் ம முடிந்ததும் ரிக்கு இறங்கி வருகிறோம். க, ம ஒலிக்கும் நேரத்துக்குள் பெருவிரல் ஒரு கட்டை நகர்ந்து காத்திருக்கலாம். ஆகவே மகள் போடும் 1-2-3-4தான் சரி. ஒரே வடிவத்துக்கு ஒரே விரல்கள் என்றால் கைக்கும் நினைவிருக்கும்.

கமபதவில் மட்டும் அது பொருந்தாது. டியில் க என்பது எஃப் ஷார்ப், கறுப்புக் கட்டை. குட்டையான பெருவிரல் அதைத் தொடக் கை முழுவதும் உள்ளே போய், மவுக்குத் திரும்ப வெளியே வருகிறது. தாளம் நழுவுவது அங்கேதான்.

ரிகமப முடிந்ததும் கையை அசைக்காமல் அப்படியே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டுவிரல் ஏற்கெனவே கவின் மேல் இருக்கும்! கமபதவை 2-3-4-5 என்று வாசித்தால் போதும். சின்னவிரல் தவை அழுத்தும்போதே பெருவிரல் மவுக்கு மேல் வந்துவிட வேண்டும். பிந்தினால் ம அவசரமாக விழும். பிறகு மபதநி, பதநிச இரண்டும் பழையபடி 1-2-3-4. அவரோகணத்தில், அதாவது இறங்கும்போது, எல்லாம் 4-3-2-1, தபமக மட்டும் 5-4-3-2.

இடது கையில் சிக்கல் இடம் மாறும். ஏறும்போது 4-3-2-1 போட்டால் மபதநியில் பெருவிரல் நிக்கு, சி ஷார்ப்புக்கு, போய்விடும். அங்கே 5-4-3-2. கை அசையாமலே அடுத்த பதநிச 4-3-2-1 ஆகிவிடும். இறங்கும்போது எல்லாம் 1-2-3-4, நிதபம மட்டும் 2-3-4-5.

மாற்றிய இடத்தில் சின்னவிரல் மெலிந்து ஒலிக்கும். ரிகமப, கமபத இரண்டை மட்டும் பிரித்தெடுத்து, நாலு சுரமும் ஒரே அளவாகக் கேட்கும்வரை மெதுவாக வாசிக்கட்டும். பிறகு வேகத்திலும் சோதியுங்கள். மெதுவாக வாசிக்கையில் எந்த விரலும் சரியாகத்தான் தோன்றும்.

1873இல் வந்த ஹானனின் பியானோ விரல் பயிற்சிகளில் முதல் 20உம் வெள்ளைக் கட்டைகளிலேயே நடக்கின்றன. அவற்றை மட்டும் பழகிய பிள்ளைக்கு இந்தத் தடக்கல் புதிதாகத்தான் இருக்கும். கறுப்புக் கட்டை நிறைய வரும் சுருதியில், கையைச் சற்று உள்ளே வைத்துப் பெருவிரலைக் கறுப்பிலேயே விடுவது நல்லது.

தாளில் எல்லாச் சுரத்துக்கும் எண் எழுதாதீர்கள். வலது கைக்கு, விரல் மாறும் கமபதவின் கவுக்கு மேல் பென்சிலால் ஒரு 2, அடுத்த மபதநியின் மவுக்கு மேல் ஒரு 1.