இலைக்கு அடிப்பக்கம் எப்படி அமைகிறது?

கேள்வி: எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான் என்றால், இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன? சிறு ஆர்.என்.ஏ.க்களுக்கு இதில் பங்கு உண்டு என்கிறார்கள். வெறும் 21 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள அந்தத் துணுக்கு அப்படி என்ன செய்துவிடும்?

பதில்: அது எதையும் கட்டுவதில்லை, தடுக்கிறது. டி.என்.ஏ, ஆர்.என்.ஏ, புரதம் என்று நேர்கோடாகப் படித்துவிட்டு வருவதால் இந்த நடுவழி வேலை நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கொண்டை ஊசி மாதிரி மடிந்த ஓர் ஆர்.என்.ஏ.வை டைசர் வகைப் புரதம் நறுக்கும், கிடைக்கும் துண்டை ஆர்கோநாட் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும், அதோடு ஜோடி சேரும் தூது ஆர்.என்.ஏ (புரதம் செய்வதற்கான மரபணுவின் நகல்) எது வந்தாலும் வெட்டிவிடும். அவ்வளவுதான், மரபணு இருந்தும் புரதம் வராது.

இப்போது இலைக்கு வருவோம். வளர்நுனியின் ஓரத்தில் சின்னப் புடைப்பாகத் தொடங்கும்போதே, மேல்பக்கத்தை மேல்பக்கமாக்கும் ஃபாபுலோசா, ரெவொலூட்டா போன்ற மரபணுக்களின் தூதுகளை அடிப்பக்கத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ 166 என்ற சிறு ஆர்.என்.ஏ வெட்டித் தள்ளுகிறது. மேலிருந்து இன்னொரு சிறு ஆர்.என்.ஏ செல்லுக்குச் செல் கீழே பரவி, அடிப்பக்க மரபணுக்கள் மேலே ஏறிவராமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் சந்திக்கும் ஓரத்தில்தான் இலை தட்டையாக விரிய ஆரம்பிக்கும், அதனால் எல்லை போய்விட்டால் இலையும் விரியாது. ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஃபாபுலோசாவில் 166 ஒட்டும் இடம் திரிந்துபோனால் சுற்றிலும் மேல்பக்கமாகவே இருக்கிற குச்சி மாதிரி ஒன்று வளர்கிறது! புரதம் கொஞ்சமும் மாறாதபடி அந்த இடத்து எழுத்துகளை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் இலை கெட்டது, ஆகவே காரணம் புரதம் அல்ல, 166 ஒட்ட முடியாமல் போனதுதான். சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை என்றால் எனக்கு இதுதான்.

வேரிலும் இதே 166 உண்டு, வேரின் நடுப்பகுதியைச் சூழ்ந்த அகத்தோல் அடுக்கில் உருவாகி உள்ளே நகர்ந்து எந்த வகை சைலக்குழாய் (நீரைக் கடத்தும் குழாய்) எங்கே வரவேண்டும் என்பதை முடிவு செய்கிறது. இலை விளிம்பின் பற்களுக்குப் பொறுப்பு மைக்ரோ ஆர்.என்.ஏ 164. அது குறைந்தால் வெட்டு ஆழமாகும், மிகுந்தால் விளிம்பு வழவழப்பாகிவிடும்.

கேள்வி: இளஞ்செடியின் இலையும் வளர்ந்த செடியின் இலையும் வேறாக இருப்பதற்கும் இவைதான் காரணமா?

பதில்: ஆமாம், பெரும்பாலும் மைக்ரோ ஆர்.என்.ஏ 156. இளமையில் நிறைய இருக்கும், வயது ஏற ஏறக் குறையும், அப்புறம் மைக்ரோ ஆர்.என்.ஏ 172 கூடும், செடி பூக்கத் தயாராகும். 156-ஐச் செயற்கையாக அதிகமாக்கினால் செடி குழந்தைத்தனமான இலைகளையே போட்டுக்கொண்டிருக்கும், பூப்பது தள்ளிப்போகும்.