அக்கா மகள் டாக்டராக, அப்பா வீட்டை விற்க வேண்டுமா?

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் அக்கா முப்பது வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். அவர் மகள் அங்கேயே பிறந்தவள். வரும் ஆகஸ்ட்டில் மருத்துவம் படிக்க இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று வேறு மாநிலத்தில் உள்ள பெயர் பெற்ற தனியார் கல்லூரி, இன்னொன்று டெக்சஸ் அரசுக் கல்லூரி. அவளுக்குத் தனியார் கல்லூரிதான் வேண்டுமாம். இராணுவத்தில் சேர்ந்தால் முழுச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஆள் சேர்க்க வந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அதில் மனமில்லை. அப்பா விட்டுப்போன பட்டர்வொர்த் வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அதை விற்றுவிடலாமா என்று கேட்கிறார். தாய்மாமன் நான் என்ன பதில் சொல்வது?"

அண்ணே, உங்கள் சங்கடம் புரிகிறது. வேண்டாம் என்றால் ஒரு வீட்டுக்காக மருமகள் படிப்புக்குக் குறுக்கே நின்றார் என்று பேச்சு வரும், சரி என்றால் அப்பா வீடு போய்விடும். ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லோரும் சீக்கிரம் தாண்டிப் போகிற ஒரு வரி இருக்கிறது, டெக்சஸ் அரசுக் கல்லூரி. என் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் தனியார் மருத்துவக் கல்லூரி என்றால் படிப்புக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல் போகும். தங்கும் இடம், சாப்பாடு, காப்புறுதி என்று குறைந்தது 25,000 சேர்த்துக்கொள்ளுங்கள், நான்கு வருடத்துக்கு 340,000 டாலர். ஒரு டாலரை நான்கு ரிங்கிட் என்று வைத்தாலும் பதின்மூன்றரை லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. முன்பெல்லாம் இவ்வளவையும் அமெரிக்க அரசாங்கமே கடனாகக் கொடுத்தது. 2025 ஜூலையில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுக்கும் மருத்துவ மாணவர்களுக்கு வருடத்துக்கு 50,000, மொத்தத்தில் 200,000 டாலர், அவ்வளவுதான் அரசாங்கக் கடன். மீதி 140,000 டாலருக்குத் தனியார் வங்கியிடம் போக வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் போட வேண்டும். உங்கள் அக்கா வீட்டை விற்கலாமா என்று கேட்பது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

டெக்சஸ்வாசிகளுக்கு அந்த மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் வருடத்துக்கு ஏறக்குறைய 20,000 டாலர்தான். அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் பெரிய அதிர்ஷ்டம் என்று சொல்வது இதைத்தான். வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால் வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்குள் அடங்கிவிடும். அரசாங்கக் கடன் வரம்பும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கல்லூரிக்குப் போனால் வீட்டையும் விற்க வேண்டியதில்லை, பணத்துக்காகச் சீருடையும் போட வேண்டியதில்லை. கல்லூரியின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை, போட்டி கடுமையாக உள்ள சில துறைகளுக்கு அது உதவும். ஆனால் இரண்டு கல்லூரியிலும் கிடைப்பது அதே எம்.டி. பட்டம், எழுதுவது அதே உரிமத் தேர்வு. அந்தப் பெயருக்கு 140,000 டாலர் அதிகம், என் கணிப்பில் மிக அதிகம்.

சரி, இராணுவம். உங்கள் அக்கா அதைப் பயந்து ஒதுக்குகிறார், அந்த அதிகாரி அதை இலவசம் போலச் சொல்கிறார். இரண்டுமே சரியில்லை. எச்.பி.எஸ்.பி. என்ற அந்த உபகாரச் சம்பளத் திட்டம் நல்ல திட்டம்தான். முழுக் கட்டணம், புத்தகச் செலவு, மாதம் 2,000 டாலருக்கு மேல் கைச்செலவுக்கு, எல்லாம் உண்டு. நான்கு வருடம் வாங்கினால் நான்கு வருடம் முழுநேர இராணுவ டாக்டராக வேலை செய்ய வேண்டும். ஆனால் அந்த நான்கு வருடம் எப்போது தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டம் வாங்கிய பிறகு நிபுணத்துவப் பயிற்சி இருக்கிறதே, அங்கே ரெசிடென்சி என்பார்கள், அது மூன்று வருடமும் ஆகும், ஏழு வருடமும் ஆகும். இராணுவ மருத்துவமனையில் அந்தப் பயிற்சி எடுக்கும் வருடங்கள் அந்த நான்கு வருடச் சேவைக் கடனில் கழியாது. பயிற்சி மிக நீண்டதாக இருந்தால் சேவைக் காலமும் கூடும்.

போன வருடம் இதே மாதிரி ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பில்லின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். 22 வயதில் கையெழுத்து, கல்லூரி 4, அறுவை சிகிச்சைப் பயிற்சி 5, சேவை 4, கோட்டின் முடிவில் 35. அப்பா அந்த 35-ஐயே பார்த்துக்கொண்டு, இலையில் பிசைந்து வைத்த சோற்றை மறந்துவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த அந்தப் பெண் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, 5-ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதினாள். குழந்தைகள் மருத்துவம்தான் படிப்பேன், இராணுவத்தில்தான் வேலை செய்வேன் என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அவளுக்குச் சேரச் சொல்லித்தான் அனுப்பினேன், இன்றைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன்.

உங்கள் மருமகள் அப்படி முடிவு செய்திருக்கிறாளா? ஏனென்றால் எந்தத் துறையில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுப்பது என்பதை இராணுவம் தன் தேவையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். அவள் முதலில் இராணுவத்துக்குள் நடக்கும் பயிற்சி இடத் தெரிவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு டிசம்பரில் வரும். கேட்ட துறை கிடைக்காவிட்டால் முதல் வருடப் பயிற்சியோடு நிறுத்தி, பொது மருத்துவராக ஒரு கப்பலுக்கோ படைப்பிரிவுக்கோ அனுப்பிவிடலாம், கடற்படையில் இது அதிகம் நடக்கிறது. அந்த வருடங்கள் சேவைக் கடனில் கழியும், ஆனால் நிபுணர் ஆவது தள்ளிப்போகும். நம் ஊரில் ஹவுஸ்மேன்ஷிப் முடித்த பிள்ளைகளை சபா, சரவாக் என்று அனுப்பும்போது வீடே கலங்குகிறது, அங்கே அது உலகத்தின் எந்த மூலையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. நமக்கு ஜேபிஏ, அதாவது மலேசிய அரசு உபகாரச் சம்பள ஒப்பந்தம் பழக்கம், சேவை செய்யாவிட்டால் பணத்தைக் கட்டு என்பதுதான் நம் மனதில் இருக்கும் கணக்கு. அதே நினைப்போடு இராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மனம் மாறினால் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் உரிமை மாணவிக்கு இல்லை, அவளைச் சேவைக்கு அழைப்பதா, பணத்தைத் திரும்ப வாங்குவதா என்று முடிவு செய்வது அவர்கள். முழுநேரச் சேவை முடிந்த பிறகும் மொத்தம் எட்டு வருடம் நிறையும்வரை பெயர் அவர்கள் பட்டியலில் இருக்கும். அதிகாரி வாயால் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்றால் அது கிடையாது என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடல் பரிசோதனையும் உண்டு. 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் தனியாக விலக்கு வாங்க வேண்டியிருக்கும், அதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அவளுக்கே சீருடை மீது ஆசை இருந்தால் இப்போதே அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வருடம் கடனில் படித்துப் பார்த்துவிட்டு மூன்று வருட உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதையும் தாண்டி எஃப்.ஏ.பி. என்று ஒன்று இருக்கிறது. வெளியில், தானே தேர்ந்தெடுத்த துறையில் ரெசிடென்சி செய்துகொண்டிருக்கும் டாக்டருக்கு இராணுவம் பணம் கொடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளும் திட்டம் அது. துறை கையில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுவது எனக்கு மனநிறைவான வழியாகத் தெரிகிறது. இவ்வளவு பேர் இதைப் பற்றிக் கேள்விப்படாமலே கையெழுத்துப் போடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கடன் பக்கமும் லேசானதில்லை. நம் ஊர் பிடிபிடிஎன் கல்விக் கடன் மாதிரி ஒரு விழுக்காடு கிடையாது, ஏறக்குறைய 8 விழுக்காடு வட்டி, படிக்கும்போதே ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் இலாப நோக்கமில்லாத மருத்துவமனையிலோ அரசாங்கத்திலோ வேலை செய்துகொண்டே, வருமானத்துக்கு ஏற்ற தவணையை 120 மாதம் கட்டினால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்கிறார்கள். அமெரிக்கப் போதனா மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான், அதனால் ரெசிடென்சி வருடங்களும் அந்தப் பத்து வருடத்தில் சேர்ந்துவிடும். தனியார் வங்கிக் கடனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அரசாங்க வரம்புக்குள்ளேயே நிற்கும் கல்லூரியைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வீட்டைப் பற்றி அக்காவிடம் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் மலேசியக் குடிமகனான உங்களுக்கு ஆர்பிஜிடி, அதாவது சொத்து விற்ற இலாபத்தின் மீதான வரி இல்லை. குடியுரிமையை விட்டுவிட்ட அக்காவின் பங்கு இலாபத்தில் 10 விழுக்காடு இங்கே போகும், அப்புறம் அமெரிக்க வருமான வரிக் கணக்கிலும் அதை அவர் காட்டியாக வேண்டும்.

இந்த வாரமே மருமகளோடு நேரடியாகப் பேசுங்கள், அக்கா வழியாக வேண்டாம். இரண்டு கல்லூரியும் அனுப்பிய செலவு மதிப்பீட்டுக் கடிதங்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியார் கல்லூரிக்கு அவளையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள், டெக்சஸில் எனக்கு இவ்வளவுதான் ஆகிறது, நீங்கள் எவ்வளவு உதவித்தொகை தருவீர்கள் என்று. அங்கே இப்படிக் கேட்பது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.