பாசிக்குடா பூல்: பேனல் தண்ணி சுடாதது பழுதல்ல

வணக்கம் சகோதரம். பூல் தண்ணியை வெயிலில் சூடாக்க கெஸ்ட் ஹவுஸ் கூரையில் கறுப்புப் பேனல் போட்டும், திரும்பி வரும் தண்ணி கைக்குச் சூடாகவே தெரியவில்லை, வால்வை அடைத்து மெதுவாக விட்டால் சுடுகிறது, அப்படியே விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

விடாதீர்கள், வால்வைத் திறவுங்கள். பூலுக்கான பேனல் குளியலறை ஹீற்றர் மாதிரி இல்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று பாகைதான் ஏறும், ஆனால் தண்ணி நிறையப் போய்வரும். மெதுவாக விட்டால் பேனல்தான் சுடும். அதற்குக் கண்ணாடி மூடியில்லாததால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். உங்கள் 50,000 லீற்றரை ஒரு பாகை ஏற்றவே ஏறக்குறைய 58 யுனிற் (kWh) வெப்பம் வேண்டும்.

பேனலின் மொத்தப் பரப்பு பூலின் பரப்பில் பாதிக்குக் குறையாமல் இருக்கிறதா? மார்கழியில் நமக்குச் சூரியன் தெற்கே சரியும். வடக்குப் பார்த்த கூரையென்றால் அதுவும் ஒரு குறை.

என் சந்தேகம் இரவில்தான். திறந்த பூலில் சூடு போவது பெரும்பாலும் ஆவியாதலால். வாடைக்காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். இன்னொரு பேனல் வாங்க முன் பூலை மூட மிதக்கும் விரிப்பு வாங்குங்கள். வெயில் இறங்கியபின் மோட்டர் ஓடினாலும் தண்ணி பேனல் பக்கம் போகக்கூடாது, போனால் பூல் குளிரும்.

அடைமழை நாட்களில் எந்தப் பேனலும் பெரிதாக உதவாது. ஸ்பாவுக்கு (சுடுதண்ணித் தொட்டிக்கு) என்றால் 38 பாகையளவு வேண்டும். அதற்குக் கண்ணாடி மூடிய பேனலைத் தனியாகப் பாருங்கள்.