தராசின் பூஜ்ஜியம் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: வீட்டிலேயே புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து, அரைக் கிலோ, ஒரு கிலோவாகக் கட்டி விற்கிறோம். 30 கிலோ வரை நிறுக்கக்கூடிய, 5 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறோம். சில வாரங்களாகத் தட்டு காலியாக இருக்கும்போதே 10, 15, மைனஸ் 5 என்று எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. சார்ஜ் போட்டபடி எவர்சில்வர் தட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறது. எர்த் இல்லாததுதான் இரண்டுக்கும் காரணம் என்று சொல்லும் வயரிங் வேலைக்காரர், பிளக் பாயிண்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: அந்த வயரை மட்டும் போட விடாதீர்கள். தெருக் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் அறுந்துபோனால், ஃபேஸில் வரும் 230 வோல்ட் வீட்டில் எரியும் ஏதாவது ஒரு பல்பின் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அங்கிருந்து இந்தத் துண்டு வயர் வழியாக, எர்த்தோடு இணைந்த கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உலோக உடம்புக்கும் ஏறிவிடும். வீட்டு எர்த் குழி பலவீனமாக இருந்தால் அந்த மின்சாரத்தைத் தடுக்க வேறு எதுவும் இருக்காது.

உங்களுடையவை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. பெரும்பாலான கடைத் தராசுகளுக்கு உள்ளேயே பேட்டரி இருக்கும். அதை முழுதாகச் சார்ஜ் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியிலேயே கால் மணி நேரம் ஓட விடுங்கள். எண் அசையாமல் நின்றால் கோளாறு மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது. அப்போதும் ஓடினால் எர்த்தின் மேல் பழி போடுவதில் பயனில்லை.

தராசின் அடியில் இருக்கும் லோடு செல் என்பது ஒரு அலுமினியக் கட்டை. எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைய, அதில் ஒட்டியுள்ள மெல்லிய மின்தடைகள் அந்த வளைவை மின்னழுத்தமாக மாற்றுகின்றன. வழக்கமான வகைக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் கிடைப்பது 10 மில்லிவோல்ட் மட்டுமே. உங்கள் தராசு அதை 6,000 பங்காகப் பிரிக்க வேண்டும். ஆக, ஒரு 5 கிராமுக்கு ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோவோல்ட். இவ்வளவு நுண்ணிய சைகையை மட்டமான அடாப்டரின் கசிவும் கலைக்கும், உப்பு ஈரமும் கலைக்கும். உங்கள் தொழிலைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதின் மேல்தான் சந்தேகம் அதிகம். உப்பிட்ட புளி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் பிசுக்கு தட்டுக்கு அடியில் இறங்கி, லோடு செல்லின் வயர் முனைகளில் படிந்தால் மின்சாரம் கசிந்து எண் ஓடும், நாரோ ஓட்டுத் துண்டோ சிக்கினால் தட்டு முழுதாக மேலெழாமல் நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தி, தட்டைத் தூக்கி, பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், முத்திரையிட்ட பகுதியைத் திறக்காதீர்கள்.

சுருக்கென்ற உணர்வுக்கு வருவோம். இரண்டு பின் அடாப்டருக்குள் இரைச்சலை வடிக்கும் சிறு கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு வருவது இயல்பே. எர்த் இல்லாத தட்டில் அது விரலுக்குத் தெரியும். ஆனால் கை உதறும் அளவுக்கு இருந்தால் அன்றே அதை ஒதுக்கிவிட்டு, அதே வோல்ட் அளவுள்ள தரமான அடாப்டரை வாங்குங்கள். தராசிலிருந்து மூன்று பின் கேபிள் வந்தால், சுவரிலுள்ள பெரிய துளையில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் 230 காட்டிவிட்டதாலேயே எர்த் நல்லது என்று ஆகிவிடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, அது முழு வெளிச்சத்தில் எரிகிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். நம் பகுதியின் பாறை கலந்த செம்மண் கோடையில் காய்ந்துவிட்டால் நல்ல எர்த் குழியும் வலுவிழக்கும் என்பதால், குழியில் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்குங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயினில் பொருத்திக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு வயருக்குச் செய்யும் செலவை இதில் செய்தால் உயிருக்குக் காவல்.

இவையெல்லாம் சரியானபின், முத்திரையிட்ட 5 கிலோ படிக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். பூஜ்ஜியம் சரியாக நின்றும் 5 கிலோ தவறாக வந்தால் அது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். வீட்டிலிருந்து விற்பவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

கேள்வி: பூஜ்ஜியப் பொத்தான், டேர் பொத்தான் இரண்டும் ஒன்றுதானே?
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இல்லை. பூஜ்ஜியப் பொத்தான் காலித் தட்டின் சிறு பிசகைத் திருத்துவதற்கு மட்டும். தராசின் மொத்தக் கொள்ளளவில் 2 சதவீதத்துக்கு மேல் அது பொதுவாக ஏற்காது. பாத்திரத்தின் எடையைக் கழிப்பது டேர். தட்டில் பாத்திரம் இருக்கும்போதே ஸ்விட்சைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது தராசு அதையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு, பாத்திரத்தை எடுத்ததும் மைனஸ் காட்டும். காலித் தட்டோடு, தராசின் மட்டம் காட்டும் காற்றுக் குமிழ் நடுவில் நிற்கும்படி சமன் செய்து, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் வைத்து ஸ்விட்சைப் போடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்துங்கள்.