தூக்க மாத்திரையோடு மூலிகைத் தேநீர் கொடுக்கலாமா?

கேள்வி: எழுபது வயதாகும் என் தாயார், மருத்துவர் எழுதிக் கொடுத்த சோல்பிடெம் மாத்திரையை இரவில் எடுத்துக்கொள்கிறார். ‘ஆழ்ந்த உறக்கத்துக்கு’ என்று அச்சிட்ட மூலிகைத் தேநீர் டப்பா ஒன்றைத் தம்பி வாங்கி வந்திருக்கிறான். இயற்கைப் பொருள், பக்கவிளைவே கிடையாது என்று கடைக்காரர் சொன்னாராம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? வேண்டாமென்றால் டப்பாவைத் திருப்பித் தர முடியுமா?

– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மருத்துவரிடம் கேட்கும் வரை டப்பாவைப் பிரிக்காதீர்கள். உறக்கம் தருவதாக விற்கப்படும் ஒரு பொருள் உண்மையிலேயே உறக்கம் தருமானால், அது மாத்திரையின் மயக்கத்தோடு சேர்ந்து கூடும். தராதென்றால் அதற்குப் பணம் கொடுத்தது வீண். ‘இயற்கை’ என்ற சொல் இந்தக் கணக்கை மாற்றிவிடாது.

சோல்பிடெம், மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி உறங்க வைக்கிறது. இத்தகைய தேநீர்களில் சேர்க்கப்படும் வலேரியன் என்ற மூலிகையின் வேரும் அமுக்கராவும் (அஸ்வகந்தா) ஓரளவு அதே வழியில் செயல்படக்கூடியவை என்பதால், இவற்றை மாத்திரையோடு சேர்த்தால் காலையிலும் தெளியாத மந்தம், தள்ளாட்டம், மறதி ஆகியவை வரலாம். சீமைச்சாமந்தி (கேமோமைல்) இவற்றைவிட மென்மையானது. ஆயினும் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. வெளிநாட்டு டப்பாக்கள் சிலவற்றில் காணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை நேர்மாறானது: கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டி, மாத்திரையின் பலனையே குறைத்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று, தேநீரில் உள்ள தண்ணீர். படுக்கும் முன் பெரிய கோப்பை நிறையக் குடித்தவர் நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்தாக வேண்டும். மாத்திரை மயக்கத்தோடு, விளக்குப் போடாமல், ஈரத் தரையில் கால் வைக்கும் முதியவர் இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அந்த ஒரு நடையே போதும். மருத்துவர் அனுமதித்தாலும் சிறு கோப்பையாக, மாலையிலேயே கொடுத்துவிடுங்கள். தேநீர் வந்துவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் எடுத்த தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு வலிப்பும் வரக்கூடும்.

இனி டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முதலில் இருப்பது கிரீன் டீ என்றால், உறக்கத்துக்காக வாங்கிய பொருளில் உறக்கத்தைக் கெடுக்கும் கஃபீன்தான் முன்னால் நிற்கிறது! ‘மூலிகைக் கலவை’ என்று மட்டும் போட்டு, எந்த மூலிகை எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை மாத்திரை எடுப்பவருக்காக வாங்கக் கூடாது என்பது என் கருத்து. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) தரும் 14 இலக்க எண் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்பதைக் காட்டும். உறக்கம் வரும் என்பதற்கு அது சான்றாகாது. பெரிய மார்க்கெட் பக்கம் பொட்டலமாகக் கட்டித் தரும் அமுக்கராப் பொடிக்கு இந்த விவரமும் இருக்காது என்பதால், வாங்கினால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சோல்பிடெம் ‘எச்1’ அட்டவணை மருந்து. மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்ற விவரத்தைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதோடு சேரும் தேநீரையோ யாரும் எதுவும் கேட்காமல் விற்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான்: அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது டப்பாவையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

திருப்பித் தருவதைப் பொறுத்தவரை, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் குறையில்லாத டப்பாவை, மனம் மாறியதற்காகத் திரும்பப் பெறும் கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. பிரிக்காமல் ரசீதோடு கொண்டுபோனால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். ‘தூக்கமின்மையைக் குணமாக்கும்’ என்று டப்பாவிலேயே அச்சாகியிருந்தால் நிலைமை வேறு: அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.