சின்னச் சின்னக் கல் துண்டுகளைப் பதித்துச் செய்யும் மொசைக் ஓவியத்தைப் பழங்கால ரோமானியர் முறையில் இன்று செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். கருவிகள்கூடப் பெரிதாக மாறவில்லை. ஒரு சுத்தியல், மரக்கட்டையில் கூர் மேலே பார்க்கும்படி இறக்கிய ஓர் உளி, கொஞ்சம் மார்பிள், சுண்ணாம்பு, இவ்வளவுதான். வார இறுதிகளில் இந்த வேலையில் உட்காருகிற ஆள் நான். கல் எங்கே வாங்குவது, எந்தப் பசை ஒட்டும் என்பதெல்லாம் சீக்கிரம் தெரிந்துவிடும். கற்களின் வரிசை பிடிபடத்தான் நாளாகும்.

நல்ல ரோமானியத் தரை ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மீனோ பறவையோ, உருவத்தின் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று வரிசைக் கற்கள் அதே வளைவில் போகும். அதைத் தாண்டிய பிறகுதான் பின்னணி நேர் வரிசைக்கு மாறும். ஏர் ஓட்டும்போது வயல் நடுவே பாறை இருந்தால் சால் அதைச் சுற்றி வளைந்துவிட்டு மறுபடி நேராகும் இல்லையா, அந்த மாதிரி. இத்தாலியக் கலைஞர்கள் இந்த ஓட்டத்தை அந்தமெந்தோ என்பார்கள். ‘ரோமன் ஸ்டைல்’ என்று இப்போது விற்கிற பல படங்களில் இது இருக்காது. கோடு போட்டு, கிடைத்த இடத்தில் கிடைத்த துண்டைச் செருகியிருப்பார்கள். கல் அசல் மார்பிளாகவே இருந்தாலும் படம் செத்துக் கிடக்கும்.

இந்த வித்தையின் உச்சம் என்றால் இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய நகரமான பாம்பேயில் (Pompeii) 1831-இல் தோண்டியெடுத்த அலெக்சாந்தர் மொசைக். இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில மில்லிமீட்டர் அளவே உள்ள கற்கள், மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு, இவற்றின் இடைச் சாயல்கள், அவ்வளவுதான் நிறம். அதை வைத்தே ஒரு குதிரையின் பின்பக்கத் தசையைத் திரட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அதைப் பார்த்துத் தொடங்காதீர்கள், மிரண்டுவிடுவீர்கள். ரோமுக்குப் பக்கத்தில் உள்ள ஓஸ்டியாவில், நெப்டியூன் குளியலகத்துத் தரையைப் பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டு வேலை. வெள்ளைத் தரையில் கறுப்பு நிழலுருக்களாகக் கடல் தேவனும் குதிரைகளும். தசையும் மடிப்பும் வேண்டிய இடத்தில் கறுப்புக்குள்ளே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். இரண்டே நிறம் என்பதால் வரிசை கோணினால் உடனே கண்ணில் படும். பழகுவதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

நம் ஊரில் இதற்குக் கல் தேடி அலைய வேண்டாம். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, உளியில் நன்றாகப் பிளக்கும். வெள்ளை மார்பிள் வெட்டுத்துண்டுகள் கல் கடைகளில் கழிவாகவே கிடக்கும். சிவப்பு வேண்டுமென்றால் உடைந்த ஓடு போதும், ரோமானியர்களும் சுட்ட மண் துண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். கிரானைட் மட்டும் வேண்டாம். நினைத்த இடத்தில் உடையாது.

கடையிலேயே ஒரு செ.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து வாங்கிவிடுங்கள். பட்டையை உளியின் கூரில் வைத்து, நேர் மேலே சுத்தியலை விழவிட்டால் போதும், ஓங்கி அடிக்கத் தேவையில்லை. துண்டை மறுபடி பாதியாக்கலாம். கண்ணாடி, முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள், கல்லையும் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். அறுத்த முகத்தைவிடப் பிளந்த முகம் அழகு, உள்ளே இருக்கும் படிகங்கள் மின்னும். ரோமானியர்கள் நடக்கிற தரை என்பதால் தேய்த்து மட்டமாக்கினார்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கற்களைப் பதிக்கும் படுகைக்கு வருவோம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த தரை அடுக்கடுக்காகப் போகும். அடியில் கைப்பிடி அளவுக்குக் குறையாத கற்கள், மேலே சல்லியும் சுண்ணாம்பும், அதற்கு மேல் மூன்று பங்கு ஓட்டுத்தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. நம் பழைய கொத்தனார்களின் சுர்க்கிக் கலவையேதான். சின்னப் பலகைக்கு இதெல்லாம் அதிகம். அதற்கு இத்தாலியின் ரவென்னா நகரில் இன்று கற்றுத்தருகிற முறை ஒன்று இருக்கிறது. தட்டில் சுண்ணாம்புக் களியைப் பரப்பி, படத்தை அதன்மேல் பதித்து, கற்களைச் செருகுகிறார்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகுவதால் பிடிக்காத கல்லைப் பிடுங்கி மாற்றலாம். முடிந்ததும் முகப்பில் மெல்லிய துணியைத் தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டி, மொத்தமாகத் தூக்கித் திருப்பி, பின்பக்கச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்டில் பதிக்கிறார்கள். அப்புறம் வெந்நீர் விட்டுத் துணியை உரிக்க வேண்டியதுதான்.

என்ன வரைவது என்று கேட்டால், டால்பினும் பாம்புக் கூந்தல் மெதூசாவின் தலையும் போதும் போதும் என்றாகிவிட்டது. ரோமானியர்களே அப்படி பவ்யமானவர்கள் இல்லை. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ‘கூட்டாத தரை’ ஒன்று உண்டு. விருந்து முடிந்து கீழே சிதறிய மீன்முள், கோழிக்கால், ஒரு எலி கொறிக்கும் அக்ரூட் கொட்டை எல்லாம் நிழலோடு கல்லில். பெர்கமோன் என்ற கிரேக்க நகரத்துக் கலைஞர் சோசஸ் தொடங்கிவைத்த கருப்பொருள் இது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இன்றைக்கு சிகாகோவில் ஜிம் பேச்சர் என்ற கலைஞர் 2013 முதல் சாலைப் பள்ளங்களை மொசைக்கால் நிரப்புகிறார். பூ, ஐஸ்கிரீம் என்று என்னென்னவோ வைக்கிறார். பாம்பேயைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கிய கலை வாழ்க்கை அவருடையது. டீ கிளாஸ், பிஸ்கட் உறை, கசங்கிய பஸ் டிக்கெட் என்று நீங்கள் தொடங்கினால் நான் முதலில் வந்து பார்ப்பேன்.

கற்களுக்கு இடையே உள்ள இடுக்கை நிரப்பும் கலவையான கிரௌட் பற்றியும் கேட்பார்கள். சுவர்ப் படத்துக்குப் போடாதீர்கள். கற்களை நெருக்கி அழுத்தினால் அடிக்கலவை இடைவெளியில் தானே ஏறும். தரைக்கு என்றால் கல்லின் நிறத்தை ஒட்டிய கிரௌட் போடுங்கள். வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்பு கிரௌட் போட்டால் வரிசையின் ஓட்டம் தெரியாமல் வலைதான் தெரியும். முதல் பலகை 30 செ.மீ. சதுரத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு செ.மீ. கல்லில் அதற்கே 700-க்கு மேல் போகும், வெட்டும்போது வீணாவது தனி.